லே பர்சன் சஃபியுல்லா

"பிடியப் புடிச்சுத் தூக்காதீங்க தம்பி, கொக்கியில மாட்டுங்க" என்று சொன்னவர், சொன்ன கையோடு பெட்டியைத் தாமே தூக்கித் தொங்கு தராசில் மாட்டுகிறார். எடை நிற்கும்வரை கடையில் யாரும் பேசக் கூடாது. கூடுதலாக இருந்தால் பெட்டியைத் திறந்து, எது விமானம் ஏறும், எது காரைக்காலிலேயே தங்கும் என்று சஃபியுல்லாவே தீர்ப்புச் சொல்வார். ஊறுகாய் ஏறும். இரண்டாவது ஜோடிச் செருப்பு தங்கும். பக்கத்து வீட்டார் துபாயிலிருக்கும் தங்கள் மகனுக்குக் கொடுத்தனுப்பிய பலகாரப் பொட்டலத்தை மட்டும் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இத நீங்களே தின்னுட்டுப் போங்க" என்பார்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது அவருடைய பயணப்பெட்டிக் கடை. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அங்கே வந்து பெட்டி வாங்குவார்கள், எடை பார்ப்பார்கள், அறிவுரை கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் அறிவுரை உண்டு. வாங்கியவர் படியிறங்குவதற்குள் சட்டைப்பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டு வரும். அதில் கடையின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். அதற்கு மேலே தங்க எழுத்தில் 'லே பர்சன், எத்திக்ஸ் கமிட்டி' என்று இருக்கும்.

விஷயம் இதுதான். புறவழிச்சாலையில் ஒரு தனியார் மருத்துவமனை புதிய மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளை எடுத்து நடத்துகிறது. ஆய்வு தொடங்குமுன் ஒரு நெறிமுறைக் குழு கூடி, நோயாளிகளுக்குக் கெடுதல் வராது என்று பார்த்து அனுமதி தர வேண்டும் என்பது சட்டம். குழுவில் டாக்டர்களும் வக்கீலும் இருந்தால் போதாது. மருத்துவத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சாமானியரும் வேண்டும். அவர்தான் லே பர்சன். மருத்துவமனை முதலாளி ஹஜ்ஜுக்குப் போகப் பெட்டி வாங்க வந்த இடத்தில் சஃபியுல்லாவைப் பார்த்தார். சம்பந்தமில்லாதவர் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

'லே' என்றால் என்ன என்று சஃபியுல்லா யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கார்டைப் பார்த்து, பிரெஞ்சில் 'லே' என்றால் 'அந்த' என்று அர்த்தம் என விளக்கினார். அன்றிலிருந்து சஃபியுல்லா அந்த மனிதர் ஆகிவிட்டார். மகளின் நிக்காஹ் அழைப்பிதழில் தம் பெயருக்குக் கீழே அதைப் போட்டார். ஜமாஅத் கூட்டத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியில் உட்காரத் தொடங்கினார்.

குழுவில் பேசுவதை வெளியே சொல்லக் கூடாது என்று உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்ற செய்தி அன்று மாலையே சந்து முழுவதும் தெரிந்தது. "வாயத் தொறக்க முடியாதுங்க, அப்படி விஷயம்" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு, மீதியைப் புருவத்தால் சொன்னார்.

கூட்டங்களில் அவர் எப்படி இருந்தார் என்பதை எனக்குச் சொன்னவர் குழுவின் வக்கீல் உறுப்பினர் தாமரைச்செல்வி. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அத்தர், முன் வரிசை. முன்னால் செங்கல் கனத்துக்கு ஆங்கிலக் கோப்பு. பக்கத்து டாக்டர் ஒரு பக்கம் புரட்டினால் இவரும் ஒரு பக்கம் புரட்டுவார். டாக்டர் நெற்றியைச் சுருக்கினால் இவர் இன்னும் கொஞ்சம் சுருக்குவார். "சாமானியர் தரப்பில் ஏதாவது?" என்று தலைவர் கேட்டால், கோப்பை மூடி அதன்மேல் உள்ளங்கையை வைத்து, "நல்லபடியா செய்ங்க, ஜனங்களுக்குப் பிரயோசனப்படணும்" என்பார். சமோசா வரும். சாமானிய உறுப்பினருக்கு ஆட்சேபம் இல்லை என்று பதிவாகும், அதன் கீழே அவர் கையெழுத்துப் போடுவார். தலைவருக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து நீலாயதாட்சி பெட்டி வாங்க வந்தார். மீன் விற்பவர். மகன் பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறான். பேரம் முடிந்து, எடை முடிந்து, வழக்கம்போல கார்டு நீண்டது. அந்த அம்மாள் அதை வாங்கி, இது என்ன என்று கேட்டார். யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவர் அல்லவா? அந்த ஆஸ்பத்திரியில் எந்த மருந்துச் சோதனை நடந்தாலும் தாம் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் நடக்கும் என்றார்.

நீலாயதாட்சி மடியிலிருந்து நான்காக மடித்த காகிதக் கற்றை ஒன்றை எடுத்தார்.

"அப்ப இத சரின்னு சொன்னதும் நீங்கதானா பாய்? நல்லதாப் போச்சு. என்ன எழுதிருக்குன்னு படிச்சு சொல்லுங்க. திங்கக்கெழம கையெழுத்துப் போட வரச் சொல்லிருக்காங்க."

சர்க்கரை நோயால் நீலாயதாட்சிக்குப் பாதம் இரண்டும் தணலில் வைத்ததுபோல் எரியும். ஒரு மாத்திரையால் கொஞ்ச காலமாகத்தான் தூக்கம் பிடித்திருந்தது. அந்த எரிச்சலுக்குப் புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது, ஆய்வில் சேர்ந்தால் இலவசம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி இந்தச் சம்மதப் படிவத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

சஃபியுல்லா கண்ணாடியை மாட்டினார். தமிழில்தான் இருந்தது. 'பங்கேற்பாளர்கள் கழுவி வெளியேற்றும் காலத்துக்குப் பின் சீரற்ற முறையில் செயலூக்கக் கரத்துக்கோ மருந்துப்போலிக் கரத்துக்கோ ஒதுக்கப்படுவர். தேவைப்படின் மீட்பு மருந்து வழங்கப்படும்.' ஒருமுறை மனதுக்குள் படித்தார். பிறகு உரக்கப் படித்தார். உரக்கப் படித்தால் விளங்கிவிடும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"கழுவுறதுன்னா வயித்தக் கழுவுவாங்களா?" என்று நீலாயதாட்சி கேட்டார். கால் எரிச்சலுக்குப் போன இடத்தில் கையைப் பற்றி ஏன் எழுதியிருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. மீட்பு என்றால் கடலில் காணாமல் போனவர்களைத் தேடுவதுதான் அவருக்குத் தெரியும். அதற்கு மருந்து எதற்கு என்றார்.

சஃபியுல்லா முதலில் சமாளிக்கத்தான் பார்த்தார். மருந்துப்போலி என்பது மருந்து மாதிரியே ஒரு மருந்து, மருந்தைவிடக் கொஞ்சம் புதுசு என்றார். கழுவுவது சுத்தத்துக்காக என்றார். நீலாயதாட்சி நம்பித் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இப்ப திங்கிற மாத்திரைய நாளையிலேர்ந்து நிறுத்தணும்னு நர்ஸம்மா சொன்னுச்சு. அது இல்லாட்டி என்னால நிக்க முடியாது பாய். நிறுத்தவா, வேணாமா? நீங்க சரின்னு சொன்னா நிறுத்திர்றேன்."

எடை பார்த்து எத்தனையோ பேருக்குத் தீர்ப்புச் சொன்ன மனிதர், தராசுக் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, தாம் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம் என்று சொல்லி, படிவத்தைத் தாம் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அன்று மட்டும் விலையை அவராகவே குறைத்தார்.

வீட்டில் மனைவி ஷஃபீனா படிவத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். மகளின் திருமணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை விசாரித்தவர் என்பதால் நிதானமாகப் படிக்கக் கூடியவர்.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இத படிச்சீங்களா?"

சஃபியுல்லா ரசம் கேட்டார். ஷஃபீனா ரசத்தை ஊற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். படிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு இன்னொரு கரண்டி ரசம் தேவைப்பட்டது.

மறுநாள் சஃபியுல்லா, குழுவின் செயலாளரான டாக்டர் அஷ்வினுக்குப் போன் செய்தார். அஷ்வின் இளைஞர், மரியாதையானவர், எப்போதும் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருப்பவர். அதெல்லாம் மருந்துக் கம்பெனி அனுப்பிய ஸ்டாண்டர்ட் படிவம், மொழிபெயர்ப்புச் சான்றிதழோடு வந்தது, கவலைப்பட ஏதுமில்லை என்று அன்பாகச் சொல்லி வைத்துவிட்டார். சஃபியுல்லா போனைப் பார்த்தபடி, "சான்றிதழ் எங்கிட்ட கேட்டா நானுந்தான் குடுப்பேன்" என்றாராம்.

அந்த வாரமே கூட்டம். சமோசா வருமுன்பே எழுந்துவிட்டார். தம் கையெழுத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றார். அறையில் யாருக்கும் புரியவில்லை. எந்தக் கையெழுத்து என்று தலைவர் கேட்டார். கால் எரிச்சல் படிவத்துக்கு அனுமதி தந்து போட்டது என்று சொல்லி, படிவத்தை எடுத்து முழுவதும் உரக்க வாசித்தார். தாமரைச்செல்வி சொல்கிறார்: முதல் பக்கத்தில் புன்னகைத்தவர்கள் மூன்றாம் பக்கத்தில் நெளிந்தார்களாம்.

"உங்களுக்கு இதில் எது புரியவில்லை?" என்றார் தலைவர், குழந்தையிடம் கேட்பதுபோல.

"எனக்கு வெளங்கலைங்க. முழுசாவே வெளங்கல. இதுக்கு முன்னாடி வந்ததும் எதுவும் வெளங்கல."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கலைச்சொற்களை வேறு எப்படி எழுத முடியும் என்றார். டாக்டர் அஷ்வின் எழுந்து பலகையில் இரண்டு கட்டமும் நான்கு அம்புக்குறியும் போட்டு ஆங்கிலத்தில் விளக்கினார். நல்ல விளக்கம். சஃபியுல்லா இம்முறை தலையாட்டவில்லை. அந்த அம்மா கடைக்கு வந்து நிற்பார், அவரிடம் தாம் என்ன சொல்ல வேண்டும், அதை மட்டும் சொல்லிக் கொடுங்கள் என்றார். முதல் தடவையாகக் குரலில் கெஞ்சல் இருந்தது.

அஷ்வின் மார்க்கரை மூடினார். "பாதிப் பேருக்கு நெஜ மாத்திரை. பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்குற சும்மா மாத்திரை, மருந்து இருக்காது. யாருக்கு எதுன்னு குடுக்குற டாக்டருக்கே தெரியாது. பழைய மாத்திரைய மொதல்லயே நிறுத்தணும், அது ஒடம்ப விட்டுப் போவணும். எரிச்சல் தாங்கலன்னா சொல்லணும், உடனே வேற மாத்திரை குடுப்போம். புடிக்கலன்னா எப்ப வேணாலும் போயிடலாம், வைத்தியம் நிக்காது."

சொல்லி முடித்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் அவர் இத்தனை வாக்கியம் தொடர்ந்து தமிழில் பேசி யாரும் கேட்டதில்லை.

"இதத்தானே எழுதணும்?" என்றார் சஃபியுல்லா.

எழுதலாம், ஆனால் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும், தாமதமாகும், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று தலைவர் வருகைப் பதிவேட்டை நகர்த்தினார். தாமரைச்செல்வி சஃபியுல்லாவின் பக்கம் சாய்ந்து, போட்ட கையெழுத்தைத் திருப்பி வாங்க முடியாது, ஆனால் சாமானியர் இல்லாமல் கூட்டம் செல்லாது என்று தாழ்ந்த குரலில் சட்டத்தைச் சொன்னார். சஃபியுல்லா பேனாவை மூடிப் பையில் வைத்தார். அஸர் தொழுகைக்கு நேரமாகிறது, படிவம் மாறினால் சொல்லி அனுப்புங்கள் என்று எழுந்து போய்விட்டார். அவர் போன பிறகு வந்த சமோசாவை யாரும் தொடவில்லை என்று தாமரைச்செல்வி சொல்வதை மட்டும் நான் நம்பவில்லை.

படிவம் மாறியது. கம்பெனி முதலில் அனுப்பிய திருத்தத்தில், ஆய்வின் பிரிவைக் குறித்த 'கரம்' போய் 'புஜம்' வந்திருந்தது. அதற்கும் சஃபியுல்லா விளங்கவில்லை என்றார். கடைசியில் அஷ்வின் சொன்னதையே அஷ்வினே எழுதினார்.

நீலாயதாட்சி அதைக் கேட்டுவிட்டு, தம் மாத்திரையே தமக்குப் போதும் என்று எழுந்துவிட்டார். விளங்கிய பிறகு அவரைப் போலவே பலரும் எழுந்தார்கள். சிலர் விளங்கியும் சேர்ந்தார்கள், வருங்காலத்தில் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று. சேர்ந்தவர்கள் யாரும் பாதியில் விலகவில்லை. ஆனால் ஆள் சேர்ப்பதில் மருத்துவமனை பின்தங்கிவிட்டது என்று கம்பெனி வருத்தப்பட்டது.

பதவிக்காலம் முடிந்த அன்று சஃபியுல்லாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய எளிமையைப் புகழ்ந்தார்கள். அடுத்த சாமானியராக வருபவர் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர், அவருக்கு எல்லாம் விளங்கும் என்று தலைவர் நிம்மதியோடு அறிவித்தார். வீட்டுக்கு வந்த சஃபியுல்லா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஷஃபீனா சொன்னார். ஜமாஅத் கூட்டத்துக்கும் போகவில்லையாம்.

சென்ற வாரம் நான் கடையில் இருந்தபோது பூவத்திலிருந்து சுப்பையன் என்ற விவசாயி வந்தார். மனைவியைத் தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஏதோ ஆராய்ச்சிக்குச் சேர்க்கக் கேட்கிறார்கள், பாய் படித்துச் சொல்வார் என்று கோட்டுச்சேரிமேட்டில் சொன்னார்கள் என்று காகிதத்தை நீட்டினார். சஃபியுல்லா ஸ்டூலைப் போட்டு அவரை உட்கார வைத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தார். இடையில் வந்த வாடிக்கையாளர்கள் பெட்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்கள். முடித்ததும் தலையை நிமிர்த்தி, முன்பு கார்டு நீட்டியபோது இருந்த அதே மிடுக்கோடு சொன்னார்:

"எனக்கும் வெளங்கல. வாங்க, எழுதுனவுங்ககிட்டயே கேப்போம்."

என்னைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கினார். சந்து முனையில் நின்ற ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி, ஏறி உட்கார்ந்தார். சுப்பையன் தயங்கி நின்றார். சஃபியுல்லா திரும்பிப் பார்க்காமல் இருக்கையில் முன்னால் நகர்ந்து, பின்னால் இடம் விட்டார்.