மூன்றாம் வகுப்பின் மஞ்சள் கொடி

மூன்றாம் வகுப்பு வாசலில் ஒரு மஞ்சள் கொடி தொங்கும். பழைய வேட்டியைக் கிழித்து, மஞ்சள் கரைத்த நீரில் முக்கிக் காயவைத்தது. யுத்த காலம், புதுத் துணி கிடைப்பது அரிது. அந்தக் கொடியை நினைத்தால் இன்றும் எனக்குப் பயம்தான்.

அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக மூன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய டீச்சரம்மா என்போம். வந்த முதல் நாளே எல்லா வகுப்புப் பிரம்புகளையும் வாங்கி அடுப்பில் வைத்தவர். அடிக்குப் பதிலாக அவர் கொண்டுவந்ததுதான் கொடி. நேரத்துக்கு வந்து, சண்டை போடாமல், கெட்ட வார்த்தை பேசாமல் இருக்கும் வகுப்புக்கு அது கிடைக்கும். ஒருத்தி தவறினாலும் அடுத்த வகுப்புக்குப் போய்விடும். சில மாதங்களில் பள்ளி அடியோடு மாறிவிட்டது. தண்ணீர்ப் பானை அருகில்கூடப் பிள்ளைகள் வரிசையாக, வாய் திறக்காமல் நின்றார்கள். இந்த முறை எல்லாப் பள்ளிகளுக்கும் ஏற்குமா என்று பார்க்க ஜில்லா இன்ஸ்பெக்டரே வருவதாகச் சொன்னார்கள். என் வேலை நிலைப்பதும் அவர் எழுதப்போவதைப் பொறுத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று, என் வகுப்பில் வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது ஓர் இடம் காலியாக இருந்தது. பூக்காரர் மகள். அவள் அப்பா மலைக்கோயில் படியோரம் பூ விற்பவர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள்; அப்பாவை அவள் நைனா என்பாள். அவள் எங்கே என்று கேட்டேன். ஒரு பெண் விசும்பிக்கொண்டே சொன்னாள். "அவ பை கொளத்துப் படியில கெடக்குது, டீச்சரம்மா. அவள காணோம்."

இன்ஸ்பெக்டர் எதிரில் இருப்பதையும் மறந்து பெரிய டீச்சரம்மாவிடம் ஓடிச் சொன்னேன். இன்ஸ்பெக்டரை அப்படியே விட்டுவிட்டு அவர் செருப்பில்லாமல் தெருவில் இறங்கி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

சரவணப் பொய்கையின் படியில் அந்தத் துணிப்பை கிடந்தது. பக்கத்தில் உடைந்த சிலேட்டு. பையைப் பார்த்த நாலைந்து ஆட்கள் ஏற்கெனவே நீரில் மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் மேலே வரும்போது கையில் என்ன இருக்குமோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பூக்காரர் படியில் நின்று, "அதுக்கு நீச்சலு தெரியாதும்மா, தெரியாதும்மா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய டீச்சரம்மா இடுப்பளவு நீரில் இறங்கிக் கைகளால் துழாவினார். பயத்தில் அவர் முகம் அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

கடைசியில் குளத்துக்கு அப்பால் நந்தவனத்திலிருந்து ஒருவர் கூவினார். அரளிச் செடிகளுக்குப் பின்னால் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் இன்னும் உள்ளே ஒடுங்கினாள்.

"நா வர்ல டீச்சரம்மா. நைனாவுக்குப் பூ எடுத்துகினு மலைக்குப் போய்ட்டு வந்தா லேட்டாப் பூடுது. நா வந்தா கொடி பூடும். வராதடின்னு தொரத்திகினே வந்தாங்க."

"யாரும்மா?"

"எல்லாரும்."

பெரிய டீச்சரம்மா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அப்படியே பள்ளிக்கு நடந்தார்.

வாசலில் இன்ஸ்பெக்டர் பூரிப்போடு நின்றிருந்தார். "டீச்சரே இல்ல, ஆனா ஒரு பிள்ளைகூட அசையலயே! இப்படி ஒரு பள்ளிக்கூடத்த நான் பார்த்ததில்ல. ஜில்லா பூரா இதையே நடத்தச் சொல்லி எழுதப்போறேன்."

"எழுதாதீங்க ஐயா." ஈரப் புடவை சொட்டப் பெரிய டீச்சரம்மா நின்றார். "பிரம்ப எரிச்சுட்டேன்னு நெனச்சுகினு இருந்தேன். இல்லீங்க. புள்ளைங்க கையில குடுத்துட்டேன். இவள நாப்பது பேரு சேந்து தொரத்தியிருக்காங்க. அவங்க மேல தப்பில்ல. அப்படிச் செய்ய வெச்சது என் கொடி."

இன்ஸ்பெக்டர் முகம் சுருங்கியது. "அப்போ பழையபடி அடிக்கணும்ங்கறீங்களா?"

"அதுவும் இல்லீங்க. என்ன செய்யணும்னு எனக்கு இன்னும் தெரியல."

தெரியாது என்று மேலதிகாரியிடம் சொன்ன ஒருவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எங்கள் இருவருக்கும் அன்றோடு வேலை போயிற்று என்றே நினைத்தேன். என் வேலை தப்பியது. அவரைச் சில வாரங்களில் தூரத்துக் கிராமப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது பள்ளிகளில், நல்ல பிள்ளைகளின் பெயருக்கு நேரே நட்சத்திரங்கள் ஒட்டிய பலகைகளைக் காட்டுகிறார்கள். நல்ல பலன் தெரிகிறது என்கிறார்கள். இருக்கலாம். நான் போகும் இடத்திலெல்லாம் நட்சத்திரம் இல்லாத பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுகிறேன். அது கண்ணில் பட்டுப் பேசும்வரை அங்கிருந்து நகர மாட்டேன்.

நாங்கள் குளத்துக்கு ஓடிய மறுநாள் பூக்காரர் மகள் மீண்டும் தாமதமாகத்தான் வந்தாள். கொடியைக் கழற்றியிருந்த வாசலில் நின்றாள். வகுப்பு முழுதும் திரும்பிப் பார்த்தது. முந்தின நாள் விசும்பிய பெண் நகர்ந்து, உட்காரும் பலகையில் இடம் விட்டாள்.

"இங்க வந்து குந்து. கணக்கு இப்பதான் ஆரம்பிச்சாங்க."