பின்பக்கமாக மலையேறிய குட்டியானை

ஏற்காட்டு மலையிலிருந்து லோடோடு இறங்கும்போது, பத்தாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் புஷ்பலதா வண்டியை ஓரங்கட்டுகிறார். இறங்கி, நான்கு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்க்கிறார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல. சுட்டால் கால் மணி நேரம் நிறுத்தம்தான். சேலத்தில் சரக்குக்காரர் போனில் எவ்வளவு குதித்தாலும் சரி. "பிரேக்கு ஆறட்டுமுங்க, நீங்களும் கொஞ்சம் ஆறுங்க" என்பார்.

மலைமேல் வாழவந்தி ஊர்க்காரர், எஸ்டேட் கூலிக் குடும்பம், வயது முப்பத்தாறு. பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது வளைவுக்குள் வாந்தி எடுப்பவர். "டிரைவருக்கு மட்டும் கொமட்டாதுன்னாங்க. அப்பறம் என்னுங்க, டிரைவராவே ஆயிட்டேன்." சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். பதினைந்து வருடம் எஸ்டேட் மேஸ்திரி விசிலுக்கு ஓடியது போதும் என்ற வீம்புதான் உண்மையான காரணம்.

குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பழசாக வாங்கினார். முதல் லோடு ஆரஞ்சு. டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறக்கினார். ஏறின கியரிலேயே இறங்கு என்பது மலை டிரைவர்களின் அரிச்சுவடி. அது அவருக்குத் தெரியவில்லை. பிரேக் புகைந்து, வண்டி மலைப்பக்கத்துச் சாக்கடையில் சாய்ந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பழத்துக்குத்தான் ஆயிற்று. குரங்குகள் பந்தி போட்டுத் தின்றன. ஏற்காட்டுச் சரக்கு வண்டி ஸ்டாண்டின் மூத்த டிரைவர் சென்றாயன் அன்றே பெயர் வைத்துவிட்டார்: "கொரங்கு சப்ளை." அந்தப் பெயருக்கு லோடு கொடுப்பவர் யார்? ஸ்டாண்டில் நிற்கவும் இடமில்லை. மூன்று மாதம் வண்டி வீட்டு முன்னால் வெயில் காய்ந்தது. விற்றுவிட்டு மறுபடியும் எஸ்டேட் கூடையைத் தூக்கச் சொன்னார்கள் வீட்டில்.

அவரோ செம்மநத்தம் பக்கத்து மலைக் கிராமங்களுக்குப் போனார். லாரிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குறுகல் பாதைகள். ஒரு வீட்டில் நாலு மூட்டை மிளகு, இன்னொன்றில் இரண்டு. மாறிப்போகாமலிருக்க வீட்டுக்கொரு நிறத்தில் புடவைக் கிழிசலை மூட்டையில் கட்டினார். மேலே வண்டியைத் திருப்ப இடமிருக்காது. அதனால் ரிவர்ஸிலேயே ஏறப் பழகினார். "கழுத்துதான் நொம்ப நோவுமுங்க."

போன கார்த்திகை மழையில் ஓர் எஸ்டேட்டின் மேல்காட்டுப் பாதை பாதி சரிந்துவிட்டது. மேலே பறித்த காப்பிப் பழம் மலைமலையாகக் கிடந்தது. அன்றைக்கே மிஷினில் தோல் உரிக்காவிட்டால் பழம் புளித்துப்போகும். எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் ஆண்டனி ராஜ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்தார். சென்றாயன் போய்ப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "திருப்ப எடமில்லீங்க. போனா வண்டி அங்கியே குடியிருக்கோணும்."

வேறு வழியில்லாமல் ரைட்டர் புஷ்பலதா வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, உன்னால ஆகுமா?"

"பின்னாலயே ஏறிப் போறனுங்க. வரும்போது மூஞ்சி ஊட்டுப் பக்கந்தானுங்களே இருக்கும்!"

ஒன்பது நடை. ஒவ்வொரு நடையும் பின்பக்கமாக ஏற்றம், சரிவுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் மண். வேடிக்கை பார்க்க வந்த சென்றாயன் நாலாவது நடையில் பொறுக்கமாட்டாமல் சரிவோரம் வந்து நின்று, "வலது ஒடி கண்ணு... போதும், நேராக்கு" என்று கையசைக்க ஆரம்பித்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் கடைசி மூட்டையும் மிஷின் வீடு சேர்ந்தது. ஒரு பழம் புளிக்கவில்லை. எஸ்டேட்டே கைதட்டியது, புஷ்பலதாவுக்குக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கத்தான் முடியவில்லை.

மறுநாள் காலை ரைட்டர் ஸ்டாண்டுக்கே வந்து, எல்லோர் காதிலும் விழப் புஷ்பலதாவிடம் சொன்னார்: "இந்த சீசன் முழுசும் எங்க லோடு உங்களுக்குத்தானுங்க." சென்றாயன் தன் வண்டியைப் பின்னால் இழுத்து, வரிசையின் தலையில் இடம் விட்டார்.

"இங்க போடு சாமி."

புஷ்பலதா வண்டியைச் சரிவான அந்த முதலிடத்தில் நிறுத்தி, இறங்கினார். சாலையோரத்தில் இருந்ததிலேயே பெரிய கல்லாகப் பார்த்துத் தூக்கி வந்து, பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, செருப்புக் காலால் ஓங்கி இரண்டு மிதி மிதித்தார்.