கையில் வந்த ஏழு

அச்சடித்து முடித்த ஈய எழுத்துகளைப் பிரித்து, அதனதன் அறையில் போட்டுவிட வேண்டும். சுங்கை பட்டாணியில் நான் எழுத்துக் கோத்த அச்சகத்தில் அது காலை வேலை. எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், அப்படிப் பிரிக்கும்போது கையில் ஒரு 7 வந்தது. முந்தின நாள் அடித்த அந்தத் தாளில் 7 இருக்கவே கூடாது.

அது பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு அடித்த தாள். களைக்கு மருந்து அடிக்கும் பெண்களுக்கான பத்து விதிகள். முதலில் 1, 2 என்றுதான் கோத்திருந்தேன். புரூஃப் பார்த்த கிராணி, தோட்டத்து ஆபீஸ் எழுத்தர், கத்தினார்.

"என்னம்மா இது? ரெண்டுன்னு நம்பர் போட்டு, பக்கத்துலயே '1 டின் மருந்து'ன்னு போட்டிருக்க. புள்ளியும் சரியா விழல. இருவத்தோரு டின்னுன்னு ஊத்திட்டா? நம்பர தூக்கிட்டு அ, ஆ போடு லா!"

நியாயமான பேச்சு. ஓரத்து எண்களை உருவிவிட்டு அ, ஆ, இ என்று செருகினேன். அரை மணி நேரத்தில் முடித்த பெருமை வேறு. அவருக்கு அவசரம், மறுபடி புரூஃப் எடுக்கவில்லை. ஆனால் மூன்றாவது விதிக்குள்ளே, 'கண்ணில் தெறித்தால் 7-இல் உள்ளபடி செய்யவும்' என்று ஒரு வரி. ஓரத்தை மட்டும் பார்த்த கழுதை நான், அதைத் தொடவே இல்லை. தாள் முந்தின நாளே தோட்டத்துக்குப் போய்விட்டது.

முதலாளியிடம் ஓடினேன். அவர் முகம் செத்துவிட்டது. தோட்டத்து ஆபீசுக்குப் போன் அடித்தார், யாரும் எடுக்கவில்லை. "காடில ஏறும்மா" என்று கார் சாவியை எடுத்தார். வழியெல்லாம் 'மாதாவே, யாருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது' என்பதைத் தவிர எனக்கு வேறு செபம் வரவில்லை. யார் கண்ணையாவது கெடுத்துவிட்டேனோ என்ற நினைப்புதான்.

மருந்து ஸ்டோர் சுவரில் எங்கள் தாள். அதன் கீழே பெஞ்சில் ஒரு பெண், ஒரு கண்மேல் ஈரத்துணியோடு. பக்கத்தில் கிராணி.

"காலையில தெறிச்சிருச்சு. நம்ம ஆஸ்பத்திரி டிரெஸர் பாத்துட்டாரு. பார்வைக்கு ஒண்ணும் ஆகாதுங்கறாரு" என்றார் கிராணி.

"அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்தப் பெண் நிமிர்ந்தாள். பெயர் பாக்கியம், அந்தக் கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"போன தடவ ஒருத்தி கண்ணுல எண்ணெய ஊத்திட்டோம். அதுலேர்ந்து, தாள்ல உள்ளதத்தான் செய்யணும்னு தொர சொல்லிட்டாரு. மூணாவது விதியில 'ஏழுல உள்ளபடி செய்யவும்'னு இருந்துச்சு, தாள்ல ஏழாம் நம்பரையே காணோம். 'ஏழு எங்கடி, ஏழு எங்கடி'ன்னு இவளுங்க கத்துறாளுங்க. ஒத்தக் கண்ணத் தொறந்து, மொதல்லேர்ந்து வெரல் விட்டு எண்ணுனேன். எ-ன்னு போட்ட எடத்துலதான் தண்ணி ஊத்திக் கழுவச் சொல்லியிருந்துச்சு." ஈரத்துணியை எடுத்து என்னைப் பார்த்தாள். "எரியிற கண்ணோட என்னைய எண்ண வச்சிட்டியேக்கா."

பேனாவை எடுத்து அந்த 7-ஐ அடித்து, எ என்று எழுதினேன். மீதித் தாள்களிலும் அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பட்டியலின் குறியை மாற்றச் சொன்னால், ஓரத்தில் கை வைக்குமுன் உள்ளே படியுங்கள். எந்த வரி எந்தக் குறியைக் காட்டுகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அன்று பாக்கியம் எண்ணியது, நான் எண்ணியிருக்க வேண்டியது.