பின் காம்பராவுக்கு ஒரு டீவி அலுமாரி

யோகராஜைப் போல ஒரு பிடிவாதக்காரனை என் ஐம்பத்தெட்டு வயதில் நான் கண்டதில்லை. தெஹியோவிட்டப் பக்கம் இறப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்தில், எனக்கு அடுத்த வீடு அவனுடையது. நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர். அங்கே இருமினால் இங்கே கேட்கும். அதனால் யாரும் வந்து எனக்குக் கதை சொல்லத் தேவையில்லை.

அவன் பெண்சாதி கிருஷ்ணகுமாரிக்கு வயிற்றில் கேன்சர். ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக் கவனியுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவன் கொண்டுவந்து பின் காம்பராவில் படுக்க வைத்தான். சன்னல் இல்லாத அறை, புகையில் கறுத்த சுவர். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னைய முன் காம்பராவுல போடுங்க. வாசல் தெரியுமில்ல? போற வாற ஆளுகள பாத்துக்கிட்டு கெடப்பேன்."

"அதெல்லாம் வேணாம்" என்றுவிடுவான் அவன்.

ஏன் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். உயிர் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களைத்தான் நாங்கள் முன் காம்பராவுக்குக் கொண்டுவருவோம். கொண்டுவந்ததும் சொந்தக்காரர்களுக்கு ஃபோன் போகும், சாவுக்கு வருகிறவர்கள் உட்கார வாசலில் வாங்கு போட ஆரம்பிப்பார்கள். தன் கையாலேயே அவளுக்கு நாள் குறிப்பதா என்று அவனுக்குப் பயம். மடையன், அதை வாய்விட்டும் சொல்ல மாட்டான்.

அதற்குப் பதிலாகத்தான் இந்த அலுமாரி வேலையைத் தொடங்கினான். முன் காம்பராவில் இருந்த டீவியை, சில்லு வைத்த அலுமாரியில் ஏற்றி அவள் கட்டிலடிக்கே தள்ளிக்கொண்டு போவதாகத் திட்டம். கொழும்பில் ஓர் அலுமாரிப் பட்டறையில் ஏழு வருடம் மெலமைன் பலகை அறுத்தவன் அவன். தோட்டத்தை விட்டு வரமாட்டேன் என்று குமாரி சொன்னதால் அதை விட்டுவிட்டு வந்து இறப்பர் பால் வெட்டப் போனவன். அந்தப் பழைய தொழில் இப்போது கைக்கு வந்துவிட்டது.

இப்றாஹிம் நானாவின் கடையில் வெள்ளைப் பலகையை நீள நீளமாக அறுத்து வாங்கி, த்ரீவீல் கூரையில் கட்டிக் கொண்டுவந்தான். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் முன் காம்பராவில் உட்கார்ந்துவிடுவான். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அன்றைக்கு முழு நாளும் அதே வேலை. ஓரம் சிதறாமல் இருக்கக் கோட்டின் மேல் டேப் ஒட்டி, ஊசி கோர்ப்பவன் போலக் குனிந்து அறுப்பான். அறுத்த ஓரத்துக்குப் பட்டி வைத்து, மேலே அயன் பெட்டியைத் தேய்த்து ஒட்டுவான். வெள்ளைத் தூள் அறை முழுக்கப் பறக்கும்.

"அனே அக்கா, என்னத்த அறுக்கிறாரு?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் குமாரி.

"ஒனக்கு டீவி அலுமாரியாம்."

"யாருக்கு வேணும் டீவி? நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

போய்ச் சொன்னேன். "ஏன்டா, அவ வாசல கேக்குறா, நீ டீவி குடுக்கிறியா?"

அவன் தலை நிமிரவில்லை. "முன்னுக்குக் கொண்டாந்து போட்டா அவ எந்திரிக்கவே மாட்டா. நீங்க ஒங்க வேலைய பாருங்க அக்கா."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து நாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதை இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆறாம் நாள் அலுமாரி முடிந்தது. ரோஷத்தை விட்டுப் போய்ப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, கடைச் சாமான் தோற்றுப்போகும். நாலு சில்லு, இரண்டுக்கு பிரேக். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் உள்ள சீமெந்துப் படியில் பலகையைச் சரித்து வைத்து, டீவியோடு மெதுவாக ஏற்றி இறக்கினான். கட்டிலடியில் நிறுத்தி, பிரேக்கை மிதித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

குமாரி அலுமாரியைத் தடவிப் பார்த்தாள். "அழகா செஞ்சிருக்கீங்க" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "இவ்வளவு பாரத்த இங்க உருட்டிக்கிட்டு வந்தீங்களே, நான் என்ன இதவிட பாரமா?" என்றாள்.

அவன் அப்படியே தரையில் குந்திவிட்டான். நான் பார்க்கிறேன் என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதான்.

"நாளைக்கே மாத்துறேன் குமாரி. இப்ப அங்க பூரா பலகைத் தூளு, ஒனக்கு இருமல் வந்துரும். கழுவி காய விட்டுர்றேன்."

"நெசமாவா?" என்று கேட்டாள்.

"சத்தியமா."

அன்று பின்னேரம் நானும் அவனும் முன் காம்பராவைக் கழுவினோம். மூலை முடுக்கெல்லாம் அந்த வெள்ளைத் தூள், இரண்டு தண்ணிக்குப் போகவில்லை. மூன்றாவதும் ஊற்றித் தேய்த்தோம். கட்டிலை எப்படிப் போட்டால் படுத்தபடியே பாதை தெரியும் என்று அவன் தரையில் படுத்துப் பார்த்தான்.

விடிந்தபோது குமாரி இல்லை.

ஆம்பிளைகள் வந்து அலுமாரியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவளைத் தூக்கி முன் காம்பராவில் கிடத்தினார்கள். தலையைத் தெற்கே வைத்தார்கள். எங்கள் லயத்து வாசலும் தெற்குதான், ஆகவே வாசல் அவள் தலைமாட்டுக்குப் போய்விட்டது.

"திருப்பி வைங்க. அவளுக்கு வாசல் தெரியல" என்றான் யோகராஜ்.

"மொறைன்னு ஒன்னு இருக்கில்லப்பா" என்றார் பெரியவர் வேலுசாமி.

"எங்கிட்ட அவ வேற எதுவுமே கேக்கல மாமா."

யாரும் திருப்பவில்லை. யோகராஜ் அவள் தலைமாட்டில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். முதல் ஆட்கள் மேட்டுப்பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவன் குனிந்து அவள் காதருகே வாயை வைத்தான்.

"கீழ் லயத்து கோகிலா வாறா குமாரி. பின்னாலயே இப்றாஹிம் நானா வாறாரு, கொடை புடிச்சிக்கிட்டு."