மூக்கில் ஏறிய பலப்பொடி

பெயரை வைத்தது நான்தான். பலப்பொடி. சொல்லிப் பாருங்கள், வாயை நிறைக்கும். வறுத்த சிறுபயறு, கேழ்வரகு, வெயிலில் உலர்த்திய நேந்திரங்காய், சுக்கு, மிளகு. எல்லாவற்றையும் இடித்துச் சலித்து, மறுபடி மெல்லிய துணியில் சலித்து, விரல் ரேகைக்குள் புகுந்துகொள்ளும் பதத்துக்குக் கொண்டுவருவாள் என் அக்கா. உலக்கை அவள் கையில், யோசனை என் தலையில். எங்கள் கம்பெனி அவ்வளவுதான்.

சீமையிலிருந்து டின்னில் சத்து மாவு வந்துகொண்டிருந்த காலம். குற்றாலத்துக்குச் சீசனுக்கு வரும் வக்கீல்கள் அதைத்தான் பாலில் கலக்கிக் குடித்தார்கள். நம் பயறுக்கு ஏன் ஒரு டின் கிடைக்கக் கூடாது? இண்டர்மீடியட் பரீட்சை எழுதிவிட்டு வந்த சூட்டில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தென்காசித் தகரக்காரர் ஒருவர் உள்ளங்கையில் அடங்கும் வட்ட டின் அடித்துக் கொடுத்தார். மூடி இறுக்கம், சாரல் ஈரம் புகாது. வழக்கமாக அந்த டின்னை யாருக்கு அடிக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

முதலில் தென்காசியில் விற்றுக் காட்டு, பிறகு அருவிக்குப் போகும் வழியில் என் கடை முகப்பைத் தருகிறேன் என்று குற்றாலத்துக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த முகப்பு கிடைத்தால் கம்பெனி பிழைக்கும். கிடைக்காவிட்டால் தாலுகா கச்சேரியில் நகல் எழுதப் போக வேண்டும் என்று அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

சந்தை நாளன்று, இடி விழுந்து பிளந்த கோயில் கோபுரத்துக்கு எதிரே இருந்த மளிகைக் கடையில் என் டின்கள் ஏறின. கடைக்குப் பின்புறம் அக்கா உலக்கையோடு அடுத்த ஈட்டை இடித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் அவற்றை மூக்குப்பொடி டின்களோடு சேர்த்து அடுக்கிவிட்டார். அவர்மேல் என்ன குற்றம்? அதே தகரக்காரர், அதே டின், மேலே பொடி என்று பெரிய எழுத்து. பாலில் கலந்து உண்க என்பது எறும்பளவு எழுத்தில் கீழே கிடந்தது.

வண்டிப்பேட்டைச் சண்டியர் வந்தார். நேருக்கு நேர் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

"பலப்பொடியா? காரம் பலமா இருக்குமோ?" என்று ஒரு டின்னைத் திறந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொள்ளுமட்டும் எடுத்து, இரண்டு மூக்கிலும் ஒரே இழுப்பு.

மிளகும் சுக்கும் மண்டைக்குள் ஏறிவிட்டன. "கண்ணு போச்சுலே! எவம்லே மொளகாயக் கலந்தது?"

கடைக்காரரின் குடுமியைப் பிடித்து முகத்தைப் பலகையில் மோதினார். உதடு கிழிந்து அரிசிக் குவியல் சிவந்தது. தராசைப் பிடுங்கி வீசினார்; அது வெற்றிலை விற்றவர் நெற்றியைப் பிளந்தது. வண்டிக்காரர்கள் சாட்டைக் கம்போடு ஓடி வந்து, யாரை அடிப்பது என்று தெரியாமல் எல்லாரையும் அடித்தார்கள்.

"அண்ணாச்சி! அது குடிக்கிற பொடி!" என்று கத்திக்கொண்டே நடுவில் பாய்ந்தேன்.

"குடிக்கிற பொடியா? நீதானாலே?"

இடது காதில் ஓர் அறை. உலகம் ஊமையாயிற்று. விழுந்த என் விலாவில் உதை, அப்புறம் வாயில். நாக்கில் பல் ஒன்று தனியாகப் புரண்டது. "வெசம் வச்சிட்டாம்லே!" என்று யாரோ கூவினார்கள். அதற்குப் பிறகு உதைத்த கால்கள் யாருடையவை என்று எனக்குத் தெரியாது.

கால்களுக்கு நடுவே உலக்கையைப் பார்த்தேன். அக்கா! யாரிடமும் எதுவும் கேட்காமல் சண்டியரின் முழங்காலில் ஒரு போடு போட்டாள். மரம் மாதிரிச் சரிந்தார். நசுங்கிய டின் ஒன்றைத் தரையிலிருந்து எடுத்து, இருந்த மாவு முழுவதையும் வாயில் கொட்டிக்கொண்டாள்.

சந்தையே ஓய்ந்தது. அவள் சாவதற்காக எல்லாரும் காத்து நின்றார்கள்.

"என்ன பாக்குதிய?" என்றாள் மாவு தெறிக்க. "சாகுததுன்னா சொல்லிட்டுச் சாகுதேன். ஒரு செம்புத் தண்ணி குடுங்க, தொண்டையை அடைக்குது."

அந்த வாரமே குற்றாலத்துக்காரர் ஆள் அனுப்பினார். அவர் கடையில் வந்து நிற்பவனெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டானாம்: "சண்டியரைச் சாய்ச்ச பொடி இருக்கா?"

முகப்பு கிடைத்துவிட்டது! வாய் வீக்கம் வடியுமுன்பே போர்டு எழுதித் தொங்கவிட்டேன்: சண்டியரையே சாய்த்த பலப்பொடி. அக்கா வேண்டாம் என்றாள். விளம்பரம் என்றால் உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். சாரல் விழ விழக் கூட்டம் வந்தது, டின்கள் பறந்தன.

ஒரு நாள் காலையில் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. நொண்டிக்கொண்டே சண்டியர் வந்தார். நனைந்த துண்டுக்குள்ளிருந்து அரிவாள் வெளியே வந்தது. நான் கையை இழுத்ததும் அது பலகையில் இறங்கி நின்றதும் ஒரே நேரம்.

"போர்டை எறக்குலே."

"எறக்குனா யாவாரம் போயிரும் அண்ணாச்சி." எப்படிச் சொன்னேனோ!

அரிவாளைப் பிடுங்கி ஓங்கினார். அதற்குள் அக்கா எங்களுக்கு நடுவில் புகுந்து, பலப்பொடி கலக்கிய பால் டம்ளரை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"இந்தத் தடவை வாயில ஊத்துங்க அண்ணாச்சி."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தவன் தலை அங்கேயே உருண்டிருக்கும். அவர் அவளைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பி, போர்டை ஒரே வெட்டில் இரண்டாகப் பிளந்தார்.

"மாவுன்னு எழுது. இனிமே பொடின்னு ஒரு டின்னுல இருந்துச்சு, ஒம் மூக்கு இருக்காது."

மை எடுத்து உட்கார்ந்தேன். டின் டின்னாகப் பொடி என்ற சொல்லை அடித்துவிட்டு மாவு என்று எழுதினேன். சாரலில் மை வழிந்தது. செவிடாகிப்போன இடது பக்கம் நின்று அக்கா ஏதோ சொன்னாள். திரும்பி வலது காதைக் கொடுத்தேன்.

"வேகமா எழுதுலே. அண்ணாச்சி இன்னொரு டம்ளர் கேட்டுட்டு இங்கனதான் நிக்காரு."