கிளுவை வேலியும் கவுதாரிச் சம்பந்தமும்

பாறையைப் பிளந்து கிணறு எடுத்தேன். அதில் தவளைகூடத் தங்காது என்றார்கள், தண்ணீர் தங்கியது. கூரை வீட்டை ஓட்டு வீடாக்கினேன், ஓட்டு வீட்டை மாடி வீடாக்கினேன். ஒற்றைக் குட்டியில் தொடங்கி ஊரே பார்க்கிற ஆட்டுப்பட்டி போட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பெண்கள் இருவரையும் திண்டுக்கல்லில் கல்லூரி படிக்க வைத்தேன். அகரத்துக்கு வடக்கே, சோளம் போட்டால் விதைகூடத் திரும்பி வராத செம்மண் மேட்டை வாங்கி, சுற்றிலும் கிளுவை வேலி நட்டு, கொழுக்கட்டைப்புல் மண்டிய மேய்ச்சல் காடாக்கினேன். இத்தனையும் நான் செய்தது. இதில் கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் செய்யவில்லை என்கிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் காட்டுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். மேற்குத் தலை, கரடு என்கிற சிறு குன்றின் சரிவுப் புல்லில் முட்டும். கிழக்குத் தலை, குளத்தை ஒட்டிய தரிசுக் கரம்பில் முட்டும். ஒரு காலத்தில் வடக்கு, தெற்கு இரு பக்கமும் இதே புல்தான். பிறகு ஒரு பக்கம் தென்னை வந்தது, மறுபக்கம் வீட்டு மனைக் கல் வந்தது. என் நிலத்தைக் கேட்டும் ஆட்கள் வந்தார்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

காட்டைப் பாகம் பாகமாகத் தடுத்து வைத்திருக்கிறேன். மழை விழுந்ததும் ஒரு பாகத்தை அடைத்துவிடுவேன். புல் கதிர்விட்டு விதை உதிரும்வரை அங்கே ஆட்டின் வாய் படக்கூடாது. அந்த அடைத்த பாகத்தில்தான், கிளுவைத் தூரடியில், கவுதாரி முட்டையிடும்.

பறவை ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி அங்கே வந்தாள்.

"ஐயா, உங்க காட்டுக்குள்ள கவுதாரி இறகு பொறுக்கிக்கலாமா?"

"பொறுக்கிக்க தாயி. ஆட்டு முடியும் கெடக்கு, வேணும்னா அதையும் அள்ளிக்க."

சிரித்துவிட்டாள். கவுதாரிகள் புரண்டு மண் குளிக்கிற குழிகளைக் காட்டினேன். ஒவ்வோர் இறகையும் தனித்தனி உறையில் போட்டாள். இறகின் அடித்தண்டில் அதன் வம்சமே இருக்கிறதாம், மரபணு என்றாள். கரட்டிலும் குளத்துக் கரம்பிலும் நாற்கரச் சாலைக்கு அப்பால் இருக்கிற புல்வெளியிலும்கூடப் பொறுக்கினாள்.

மறுவருடம் பட்டிக்கே வந்து முடிவைச் சொன்னாள்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறதுக பாவம்யா. கொறஞ்சுக்கிட்டே வருது. இருக்கறதெல்லாம் நெருங்கின சொந்தம், வெளியில இருந்து ஒண்ணும் போய்ச் சேரல. இப்படியே போனா முட்டை சரியாப் பொரியாது, நோய் வந்தாலும் தாங்காது. ஆனா கரட்டுக் கவுதாரியும் குளத்துக் கவுதாரியும் நல்லாக் கலந்திருக்கு."

கவுதாரி நெடுந்தூரம் பறக்கிற ஜாதியில்லை. மறைவு இருந்தால் நடந்தே போகும். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே மிஞ்சியிருந்த ஒரே மறைவு என் காடு.

குட்டிக்குப் பால் ஊட்டிக்கொண்டிருந்த என் தம்பி விடவில்லை. "அப்ப கரட்டுக்கும் கொளத்துக்கும் பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்குதுகளாக்கும்! எங்கண்ணந்தான் தரகரு. ஏண்ணே, தரகுக்கு ஒரு முட்டையாச்சும் குடுத்துச்சுகளா?"

அன்றைக்கு நானும் சிரித்தேன். சிரிப்பு போனது கிராமசபைக் கூட்டத்தில். அந்தப் பெண்ணும் அவளோடு வேலை செய்கிறவர்களும் கவுதாரி போகிற வழியைப் பற்றிக் கரட்டடியில் ஒரு பலகை வைக்கப் போவதாகச் சொல்லி, வானத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டினார்கள். என் காடு பச்சைக் கோடாகத் தெரிந்தது. அடியில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: 'இயற்கையாக எஞ்சிய புதர்வழி.'

எழுந்து நின்றேன். "தானா எஞ்சுச்சுன்னு யாரு சொன்னது?"

"மேல இருந்து பாத்தா புதராத்தான்யா தெரியுது" என்றாள் அந்தப் பெண்.

"கிளுவை என்ன, கயிறு புடிச்ச மாதிரி வரிசையாவா மொளைக்கும் தாயி? ஒவ்வொரு போத்துக் குச்சியும் நான் தலையில சொமந்தாந்து நட்டது."

"போத்து வெட்டுனது மதினி, குழி போட்டது நானு" என்று பின்னாலிருந்து தம்பி குரல் கொடுத்தான். கூட்டம் சிரித்தது.

"ஒங்க ரெண்டு பேரு பேரையும் போடச் சொல்றேன்டா. எம்பேருக்குக் கீழ!"

அவள் தயங்கித்தான் கேட்டாள். "தப்பா நெனைக்காதீங்கய்யா. நீங்க ஆட்டுக்காகத்தானே வச்சிருந்தீங்க? கவுதாரிக்காக இல்லையே?"

ஆமாம், ஆட்டுக்காகத்தான். அதை மறைக்க எனக்கு என்ன வந்தது? புண்ணியவான் வேஷம் நான் போட்டதில்லை. ஆனால் சபையில் திருப்பிக் கேட்டேன்.

"மனை போட்டவன் கவுதாரிய ஒழிக்கணும்னா போட்டான்? இல்லையே. இருந்தும் வழி அடைஞ்சதுக்கு அவனத்தான சொல்றீங்க? நெனைக்காமச் செஞ்ச கெடுதல் அவன் தலையில விடியும்னா, நெனைக்காமச் செஞ்ச நல்லது எம்பேருல ஏன் சேரக்கூடாது?"

பலகையில் தனியாள் பெயர் போடுகிற வழக்கமில்லை, மேலதிகாரிகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அவள் முடித்துக்கொண்டாள்.

பலகை இன்னும் எழுதப்படவில்லை. எனக்குச் சால்வை வேண்டாம், மாலை வேண்டாம். சாலைக்கு அப்பால் இருக்கிற கவுதாரிகளுக்கும் ஒரு வழி வேண்டும் என்று அவளே சொல்கிறாள். அங்கே நிலம் வைத்திருக்கிறவன் நாளைக்கு இந்தப் பலகையைப் படிப்பான். தானாக எஞ்சியது என்று இருந்தால், தனக்கு இதில் வேலையில்லை என்று உழுதுவிட்டுப் போவான். ஒருவன் உழாமல், விற்காமல் வைத்திருந்தான் என்று இருந்தால் நின்று யோசிப்பான். ஆகவே, பலகை வைக்கிறவர்களே, 'இயற்கையாக எஞ்சிய' என்பதை அடியுங்கள். அந்த இடத்தில் என் பெயரை எழுதுங்கள், வண்டியில் போகிறவனுக்கும் தெரிகிற பெரிய எழுத்தில்.