கண்ணாடிக்குக் காவல் வைத்த சண்முகவடிவு

1949 ஜூன் 3: அறைக்கு முன்பணம் 60 ரூபாய்.
1949 ஜூன் முதல்: மாத வாடகை 9 ரூபாய்.
1958 ஏப்ரல் முதல்: மாத வாடகை 11 ரூபாய்.
1964 ஜனவரி 8: காலி செய்தால் உரிமையாளர் தருவதாகச் சொன்னது 150 ரூபாய். வாங்கவில்லை.

வாங்க மறுத்தவர் சண்முகவடிவு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கணவரோடு தாராவிக்கு வந்தவர். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்த கணவர் 1957இல் இறந்தார். அதன்பின் அந்த ஒற்றை அறையில் இட்லி அவித்து, ஷெட்டு வாசல்களில் விற்று இரண்டு பெண்களை வளர்த்தார். அறை போனால் அடுப்பும் போய்விடும்.

ஒற்றை அறைகள் வரிசையாக அமைந்த எங்கள் சாலில் பதினாறு குடித்தனங்கள். அவருடையது கடைசி அறை. அதன் வெளிச்சுவரில், குழாயடிப் பக்கம், ஒரு விரிசல் இருந்தது. அதைக் காட்டித்தான் கட்டட உரிமையாளர், இடிந்து விழப்போகிறது, எல்லாரையும் வெளியேற்ற வேண்டும் என்று மாநகராட்சிக்கு எழுதிப் போட்டார்.

ஜனவரி 20ஆம் தேதி, மாட்டுங்காவிலிருந்து மாநகராட்சி இன்ஸ்பெக்டர் சுந்தரராமன் வந்தார். விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனைகளையும் சிமெண்டால் பூசி, தேதியைக் கீறினார்.

"இது என்னத்துக்கு சார்?" என்று கேட்டார் சண்முகவடிவு.

"சுவர் நகர்ந்தா இது உடைஞ்சுடும்மா. ஒரு மாசம் கழிச்சு வந்து பார்ப்பேன். உடைஞ்சிருந்தா எல்லாரும் காலி பண்ணித்தான் ஆகணும். முழுசா இருந்தா ஓனர் ரிப்பேர் பண்ணியாகணும்."

சுவரைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. சுத்தியலைப் பற்றித்தான் கவலை. யார் வேண்டுமானாலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகலாம். முறை வைத்துக் காவல் இருக்கலாம் என்று ஆண்கள் பேசினோம்.

"பகல்ல எவன் இருப்பான்? எல்லாரும் லீவு போட்டுட்டு சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்கப் போறியளா?" என்று சிரித்தார் சண்முகவடிவு.

மறுநாள் காலை பார்த்தால், கண்ணாடியைச் சுற்றி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே வேப்பிலை செருகியிருந்தார். கீழே ஒரு அகல் எரிந்தது. கண்ணாடியில் மட்டும் ஒரு துளி படவில்லை.

உரிமையாளருக்காக வாடகை வசூலித்தவர் கணேசபாண்டியன். அவரும் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். பிப்ரவரி 4 அன்று நண்பகலில் துண்டுக்குள் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். ஆண்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்தவர், அது தை மாதச் செவ்வாய்க்கிழமை என்பதை மறந்துவிட்டார். குழாயடி நிறையப் பெண்கள். பொங்கல் வைத்துக் குலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே நடந்ததை, கூட இருந்த என் மனைவி பார்வதியம்மாள் பிறகு எனக்குச் சொன்னாள்.

"வாங்க அண்ணாச்சி. துண்டுக்குள்ள என்ன, தேங்காயா?" என்று கேட்டாராம் சண்முகவடிவு.

"இது... எப்பம் வந்துது?"

"முப்பிடாதி அம்மன் நம்மகிட்ட கேட்டுக்கிட்டா வருவா? தேங்காய்னா குடுங்க, உடைப்போம். சுத்தியல்னா நீங்களே அவகிட்டச் சொல்லிட்டு உடைங்க."

பெண்கள் சிரித்த சிரிப்பில் கணேசபாண்டியனுக்கு வேர்த்துவிட்டது. செருப்பைக் கழற்றினார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, பொங்கலும் தின்றுவிட்டுப் போனார். பிறகு அந்தப் பக்கம் அவர் கையை வீசிக்கொண்டுதான் வந்தார்.

பிப்ரவரி 20 அன்று சுந்தரராமன் மறுபடி வந்தார்.

"என்னம்மா, இங்கே கோயிலே கட்டிட்டேளா?"

"நீங்க வச்ச சாமிதான் சார். நல்லாப் பாத்துக்கிடுங்க."

அவர் குனிந்து, கண்ணாடியின் இரு முனைகளையும் நகத்தால் தட்டிப் பார்த்தார். கீறல் இல்லை. "சுவர் அசையவே இல்லை. மேலே மழைத்தண்ணிக் குழாய் உடைஞ்சு, ஈரம் இறங்கியிருக்கு. அவ்வளவுதான்" என்று எங்கள் முன்னாலேயே எழுதிக்கொண்டார்.

குழாயும் சுவரும் மழைக்கு முன்பே உரிமையாளர் செலவில் சரியாயின. இரண்டு பெண்களும் அந்த அறையிலிருந்தே மணமாகிப் போனார்கள். சண்முகவடிவு கடைசிவரை அங்கேதான் இருந்தார். பதினாறு குடித்தனத்தில் ஒன்றுகூட வெளியேறவில்லை. யாரும் காலி செய்ய வேண்டியதில்லை என்ற மாநகராட்சிக் கடிதத்தை நான் குழாயடியில் நின்று உரக்க வாசித்தேன். முடிப்பதற்குள் குலவைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடிதம் வந்து சேர்ந்த தேதி 1964 மார்ச் 7.